பரவூர் யூதப் பள்ளி: தெருவுல இருந்து பேழை வரைக்கும் ஒரு நடை

கேள்வி இதுதான்: கொச்சி மட்டாஞ்சேரியில இருக்கிற சினகாக், அதாவது யூதர் கோயில், பார்த்தாச்சு, பரவூர்லயும் ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க, ஆனா அது காலியா கிடக்கிற பழைய கட்டடம்தானாம், அதுக்காக ஒரு நாள் ஒதுக்கிப் போகணுமா, அதோட ஹிஸ்டரி என்ன, கட்டடத்துல அப்படி என்ன விசேஷம்?

போகணும். ரெண்டுல ஒண்ணுதான் பார்க்க முடியும்னா நான் பரவூரைத்தான் சொல்லுவேன். மட்டாஞ்சேரியில நாம பார்க்கிறது பெரும்பாலும் உள்ள இருக்கிற பொருள்களைத்தான், சீனாவுல இருந்து வந்த நீலப் பூ போட்ட தரை ஓடு, மேல தொங்குற கண்ணாடி விளக்கு, வெளிய மணிக்கூண்டு. அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா கேரளாவுல யூதர்கள் எப்படி வாழ்ந்தாங்க, எப்படிக் கட்டினாங்கன்னு புரியணும்னா கட்டடம் முழுசா நிக்கிற இடத்துக்குப் போகணும், வாசல், முற்றம், நடை, கூடம், மாடின்னு எல்லாமே விட்டுப்போகாம நிக்கிறது பரவூர்லதான். மூணு தடவை போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் முன்னாடி கவனிக்காத ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.

முதல்ல ஒரு விஷயம், கேரளாவுல பரவூர் ரெண்டு இருக்கு. கொல்லம் பக்கத்துல ஒண்ணு, அதுக்கு ரயில்வே ஸ்டேஷன் உண்டு, அங்க இறங்கிடாதீங்க. நான் சொல்றது எர்ணாகுளம் மாவட்டத்து வடக்கன் பரவூர், ட்ரெய்ன்ல வந்தா ஆலுவாவுல இறங்கி பஸ் பிடிக்கணும். மார்க்கெட் பக்கம் போய் "ஜூதப்பள்ளி எங்க"ன்னு கேட்டா போதும். பள்ளிங்கிற வார்த்தையை கவனிங்க. மலையாளத்துல மசூதியும் பள்ளி, சர்ச்சும் பள்ளி, சினகாகும் பள்ளி. நம்ம ஊர்ல சமணப் பள்ளி, பள்ளிவாசல்னு சொல்றோமே அதே பழைய சொல்தான். அங்க இருந்த யூதர்களும் தங்களோட கோயிலை வீட்டுல பள்ளின்னுதான் சொன்னாங்க, ஏன்னா வீட்டுல பேசினது மலையாளம், ஹீப்ரு பிரார்த்தனைக்கு.

இனி வரலாறு. பரவூர்ல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்ல பட்டணம்னு ஒரு கிராமம், அங்க 2007ல இருந்து தோண்டினதுல ரோம் நாட்டு ஆம்போரா ஜாடித் துண்டு, மணிகள், படகு, மிளகுன்னு நிறைய கிடைச்சுது, சங்கப் பாட்டுல வர்ற முசிறி இந்தச் சுற்றுவட்டாரம்தான்னு பலர் நம்புறாங்க. யூதர்கள் முதல்ல எப்போ வந்தாங்கன்னு அவங்களுக்குள்ள சொல்ற கதைகள் இருக்கு, ஆனா கையில பிடிச்சுக் காட்டக்கூடிய ஆதாரம்னா அது சுமார் கி.பி. 1000ல சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான்கிற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்துல இருக்கு, நடுநடுவே கிரந்த எழுத்து. மொழியைப் பழைய மலையாளம்னு சொல்லுவாங்க, ஆனா வாசிச்சுக் காட்டினா நம்ம காதுக்குப் பாதிக்கு மேல புரியும். ரப்பானுக்குக் கிடைச்ச உரிமைகள்ல பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காளம், தோரணம்னு வரிசையா வரும். பாவாடைன்னா இங்க நடந்து வர்றதுக்குத் தரையில விரிக்கிற துணி, காளம்னா ஊதுகொம்பு. உலகமும் சூரிய சந்திரரும் இருக்கிற வரைக்கும் இந்த உரிமை வம்சத்துக்கு உண்டுன்னு எழுதியிருக்கு. அந்த ஏடுகள் இப்பவும் மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்லதான் இருக்கு. 2017ல பிரதமர் மோடி இஸ்ரேல் போனப்ப நெதன்யாகுவுக்குக் கொடுத்த பரிசுகள்ல இதோட நகலும் ஒண்ணு.

ரப்பானுக்குக் கொடுத்ததா அதே செப்பேட்டுல அஞ்சுவண்ணம்னு ஒரு பேர் வருது. ரொம்ப நாளா அதை ஒரு ஊர்னோ ஒரு ராஜ்யம்னோ அர்த்தம் பண்ணிட்டு இருந்தாங்க, அப்புறம் மத்தக் கல்வெட்டுகளையும் சேர்த்துவெச்சுப் பார்த்தப்பதான் அது மேற்காசியாவுல இருந்து வந்த யூத, முஸ்லிம், கிறிஸ்தவ வணிகர்களோட கூட்டமைப்புன்னு தெளிவாச்சு. குமரி மாவட்டம் தக்கலையில முஸ்லிம்கள்கிட்ட அஞ்சுவண்ணம்கிற பேர் இன்னிக்கும் உயிரோட இருக்கு. இதெல்லாம் சேர்த்து யோசிக்கும்போது பரவூர் நமக்கு வெளியூர்க் கதையாத் தெரியாது.

1341ல பெரியாத்துல வந்த பெரு வெள்ளம் கொடுங்கல்லூர் துறைமுகத்தை மண் போட்டு மூடிடுச்சுன்னும் கொச்சி முகத்துவாரம் திறந்துச்சுன்னும் சொல்லுவாங்க. வியாபாரம் தெற்கே நகர்ந்துச்சு, அதுக்கப்புறம் 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியரும் சண்டைகளும் சேர்ந்து கொடுங்கல்லூர்ல மிச்சம் இருந்த யூதர்களையும் கிளப்பிடுச்சு. மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளான்னு பிரிஞ்சு உட்கார்ந்தாங்க. கடைசி வரைக்கும் எட்டு சபைகள் இருந்துச்சு, மட்டாஞ்சேரியில மூணு, எர்ணாகுளத்துல ரெண்டு, மத்த மூணு ஊர்ல ஒவ்வொண்ணு. இதுல டூரிஸ்டுக்குத் தெரிஞ்ச பரதேசி சினகாக் 1568ல, ஸ்பெயின் போர்ச்சுகல் பக்கமும் மத்திய கிழக்குலயும் இருந்து பிற்பாடு வந்தவங்க கட்டினது. பரதேசின்னா இங்க திட்டு இல்ல, பிற தேசத்தார்ங்கிற நேர் அர்த்தம். மத்த ஏழும் மலபாரி யூதர்களோடது, அதாவது அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே இங்க வேர் பிடிச்சவங்க. பின்னால வந்தவங்க முன்னால இருந்தவங்களைக் கருப்பு யூதர்னு சொல்லி ஒதுக்கி, கல்யாண உறவு வெச்சுக்காம தலைமுறை தலைமுறையா நடந்துக்கிட்டாங்க, இன்னிக்கு யூதர் கோயில்னாலே எல்லாரும் பரதேசி ஒண்ணை மட்டும் பார்த்துட்டுத் திரும்புறது அந்த ஒதுக்கலோட நீட்சின்னுதான் எனக்குப் படுது. அதனாலதான் பரவூரை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பரவூர்ல 1164லயே ஒரு பள்ளி இருந்துச்சுன்னு ஒரு மரபு உண்டு. இப்ப நிக்கிற பள்ளிக்கான ஆதாரம் சுவர்ல பதிச்ச ஹீப்ரு கல்வெட்டு. யூத ஆண்டு 5376, அதாவது 1616ல, தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார் கட்டினார்னு சொல்லுது. ஆமா, முதலியார்தான். கொச்சி ராஜா யூத சமூகத்தலைவருக்குக் கொடுத்த பட்டம் அது, முதல்வர்ங்கிற அர்த்தத்துல. நம்மகிட்ட அது சாதிப் பேரா மாறிடுச்சு, அங்க அது ஒரு பதவி. சமூகத்துக்குள்ள வழக்கு தீர்க்கிறதும் ராஜாகிட்டப் பேசுறதும் அவர் வேலை. காஸ்தியேல்ங்கிற பேர்ல ஸ்பெயின் வாசம், பக்கத்துலயே முதலியார், தேதி யூத வருஷத்துல, எழுத்து ஹீப்ரு. ஒரே ஆள் பேர்ல இத்தனை கடல் கடந்திருக்கு.

அதுக்கப்புறம் 18ஆம் நூற்றாண்டு கடைசியில மைசூர் படையெடுப்புல பரவூர் யூதர்களுக்குப் பலத்த அடி விழுந்துச்சு, பழைய செழிப்பு திரும்பி வரல. 1948ல இஸ்ரேல் உருவானதும் 1950கள்ல கிட்டத்தட்ட மொத்த மலபாரி யூதர்களும் கிளம்பிப் போயிட்டாங்க. யாரும் விரட்டல, இதை அவங்களே திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. பிரார்த்தனைக்குப் பத்து ஆம்பளைங்க வேணும்ங்கிறது யூதர்கள் விதி, ஊர்ல பாதிப்பேர் போயிட்டா மீதிப்பேரால பள்ளியை நடத்த முடியாது, அதனால போனாக்க எல்லாருமா போறதுதான் வழி.

சரி, கட்டடத்துக்கு வர்றேன், இங்கதான் நான் கொஞ்சம் நின்னு பேசணும்.

தெருவுல இருந்து பார்த்தா உங்களுக்குத் தெரியிறது சினகாக்கே இல்ல, ரெண்டு மாடி வீடு மாதிரி ஓட்டுக்கூரை போட்ட ஒரு வாசல் கட்டடம். கேரளாவுல பெரிய தரவாட்டு வீட்டுக்கும் கோயிலுக்கும் முன்னாடி படிப்புரைன்னு ஒண்ணு இருக்கும், அதேதான். நடுவுல வழி, ரெண்டு பக்கமும் ரூம், மேல மாடி. செப்பேட்டு உரிமைகள்ல தோரணம்லாம் வருதுன்னு சொன்னேனே, அந்தக் காலத்துல வாசல் வெச்சுக்கிறதுங்கிறது சும்மா வசதி கிடையாது, அது ஒரு அந்தஸ்து, இன்னார்தான் வெச்சுக்கலாம்னு இருந்த விஷயம். அந்த நினைப்போட இந்த வாசல்ல நுழைஞ்சு பாருங்க.

உள்ள போனா மதில் சுத்தின முற்றம், தெருச் சத்தம் சட்டுனு அடங்கிடும். அங்க இருந்து கூடத்து வாசல் வரைக்கும் தூண் வெச்சு மேல ஓடு போட்ட நடை. கேரளக் கோயில்ல நடைப்பந்தல்னு பார்த்திருப்பீங்க, மழையில நனையாம சுவாமி வர்றதுக்கு, கிட்டத்தட்ட அதே யோசனை. தூண்கள் குண்டுகுண்டா சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையா நிக்கும், மழைக்காலத்துல போனீங்கன்னா ரெண்டு பக்கமும் ஓட்டுல இருந்து தண்ணி கொட்ட நடுவுல நனையாம நடந்து போற அனுபவம் தனி. வாசல், முற்றம், நடை, அப்புறம் அசாராங்கிற முன்கூடம், அப்புறம் பெரிய கூடம், எல்லாம் ஒரே நேர்கோட்டுல. கூடத்தோட கடைசியில மேற்குச் சுவரை ஒட்டி, யூதர்களோட வேதமான தோரா சுருள் வைக்கிற பேழை, ஹேகால்னு பேரு. இங்க இருந்து ஜெருசலேம் மேற்கே இருக்கு, அதனால மேற்குச் சுவர். கிழக்குல இருந்து படிப்படியா உள்ள போய் கடைசியில புனிதமான இடத்துக்கு வர்ற இந்த அமைப்பைப் பார்த்து இது இந்துக் கோயில் பாணின்னு சிலர் சொல்லுவாங்க, ஜெருசலேம் பழைய தேவாலயத்துலயும் முற்றத்துக்குள்ள முற்றமாத்தான் போகணும், அசாராங்கிற பேரே அங்க இருந்து வந்ததுதான்னு வேற சிலர் சொல்லுவாங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுறதா எனக்குத் தோணல, அவங்க மனசுல ஜெருசலேம் இருந்துச்சு, கட்டின ஆசாரி கையில கேரளா இருந்துச்சு.

சுவர் வெட்டுகல், நம்ம பக்கம் செம்புராங்கல்னு சொல்றது. மண்ணுக்குள்ள இருக்கும்போது மண்வெட்டியால வெட்டலாம், வெளிய எடுத்துக் காத்துப் பட்டா இறுகிடும். தடிமனா எழுப்பி மேல சுண்ணாம்புப் பூச்சு, அதனால மதிய வெயில்லயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். கூரை நல்லாச் சரிவா இறங்கும், இறவாரம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர்ல சுவரைக் காப்பாத்துறது அதுதான். உள்ள அண்ணாந்து பார்த்தா மர மச்சு, கட்டம் கட்டமாப் பிரிச்சு, தாமரைப் பூ செதுக்கி வர்ணம் அடிச்சிருக்கு. இதே வேலையைக் கோயில்லயும் சிரியன் கிறிஸ்தவப் பள்ளியிலயும் பார்க்கலாம். யூதர் கோயில்ல மனுஷ உருவம், சாமி உருவம் கூடாது, பூவும் கொடியும் கூடும், அதனால ஆசாரிகளுக்குத் தெரிஞ்ச பூவேலை எல்லாம் அப்படியே இங்க இறங்கிடுச்சு.

கூடத்து நடுவுல தேபாங்கிற மேடை, வளைவா கைப்பிடிக் கம்பிகள் சுத்தி நிக்க, அதுல நின்னு பிரார்த்தனை நடத்துவாங்க, மத்தவங்க சுவரோரமா சுத்தி பெஞ்சுல. எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க. உலகத்துல பெரும்பாலான சினகாக்ல இந்தப் பழக்கம் கிடையாது, இந்த ஊர்ல புனிதமான இடத்துக்குச் செருப்போட போறதை யாராலயும் கற்பனை பண்ண முடியாது, அவ்வளவுதான். சிம்ஹத் தோரா பண்டிகைக்கு தோரா சுருளைத் தூக்கிக்கிட்டு கோயிலுக்கு வெளிய பிரகாரம் சுத்துற மாதிரி வலம் வருவாங்க, இதுவும் கொச்சி யூதர்களோட தனி வழக்கம்.

இப்ப நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது மாடி. கேரள சினகாக்குகள்ல மட்டும் ரெண்டாவதா ஒரு தேபா உண்டு, மேல பால்கனியில, கூடத்தைப் பார்த்த மாதிரி. சபாத்ங்கிற வாராந்திர ஓய்வு நாள் அன்னிக்கும் பண்டிகை நாள்லயும் தோராவைக் கீழ இருந்து மேல கொண்டுபோய் அங்க நின்னு வாசிப்பாங்க. வேற எந்த நாட்டு யூதர்கள்கிட்டயும் இந்த அமைப்பு கிடையாது. ஏன் இப்படின்னு கேட்டா, அந்த மேல் மேடைக்கு நேர் பின்னாடி பாருங்க, மரச் சட்டம் குறுக்கும் நெடுக்கும் அடிச்ச ஒரு தட்டி, அதுக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ற இடம். பெண்களுக்கு மாடி ஏறத் தனிப் படிக்கட்டு, ஆண்கள் வழியோட கலக்காது. வழக்கமா ஒரு சினகாக்ல பெண்கள் தூரத்துல, மேல, மறைவுல இருந்து கேட்பாங்க. இங்க வாரத்துக்கு ஒரு நாள் வேதம் அவங்க இருக்கிற இடத்துக்குப் படியேறி வந்துடுது, தட்டிக்கு இந்தப் பக்கம் ரெண்டடி தூரத்துல வாசிக்கிறாங்க. சத்தம் நல்லாக் கேட்கணும்னு செஞ்சதா, வேற காரணமான்னு ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கிட்டே இருக்காங்க. நான் அந்தத் தட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்த்தேன், கீழ் மேடை மரச்சட்டத்துக்கு நடுவுல துண்டுதுண்டாத் தெரியுது, மேல் மேடை கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. இந்தப் பெண்கள் வெறுமனே கேட்டுட்டு மட்டும் இருந்தவங்க கிடையாது. மலையாளத்துல யூதப் பெண் பாட்டுகள்னு பெரிய தொகுதியே உண்டு, பைபிள் கதை, கல்யாணம், பள்ளி கட்டின கதைன்னு, நோட்டுப் புத்தகத்துல கையால எழுதி அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்குன்னு வந்தது. ஆம்பளைங்க முன்னாடியே பாடினாங்க, அது மத்த ஊர் யூதர்கள்ல அவ்வளவு சாதாரணம் இல்ல. இஸ்ரேல் போகும்போது அந்த நோட்டுகளையும் எடுத்துட்டுத்தான் போனாங்க, மெஸிலாத் சீயோன், நெவாதிம் மாதிரியான கிராமங்கள்ல அவங்க குடியேறினாங்க.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிடறேன், இல்லன்னா ஏமாந்துடுவீங்க. பரவூர்ல இப்ப இருக்கிற பேழையும் நடு மேடையும் நகல்தான். ஒரிஜினல் தேக்குல செதுக்கி சிவப்பும் தங்கமும் பூசினது, 1990கள்ல இஸ்ரேல் போயிடுச்சு. ஜெருசலேம்ல இஸ்ரேல் மியூசியத்துக்குள்ள மட்டாஞ்சேரி கடவும்பாகம் சினகாகோட உள்கூடத்தை அப்படியே கழட்டிக் கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க, அந்தப் பள்ளியோட சொந்தப் பேழை அதுக்கு ரொம்ப முன்னாடியே வேறொரு யூதக் குடியிருப்புக்குப் போயிட்டதால பரவூர்ப் பேழையை அங்க வெச்சிருக்காங்க. ரெண்டு ஊர் மரவேலை ஒரே ரூம்ல. அங்க பத்திரமா இருக்குங்கிறதுல எனக்குச் சந்தோஷம், ஆனா ஒரு கூடத்துக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச பேழை வேறொரு கூடத்துல நிக்கிறதை நினைச்சா மனசு கொஞ்சம் பிசையத்தான் செய்யுது. நடுவுல வந்த வருஷங்கள்ல பரவூர்க் கட்டடம் ரொம்ப மோசமாயிடுச்சு, கூரை ஒழுகி, மரம் இத்துப்போய், மதிலெல்லாம் செடி. அப்புறம் கேரள அரசோட முசிறி பாரம்பரியத் திட்டத்துல, சென்னையில இருந்து வேலை செய்யற கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் ஆலோசகரா இருக்க, பழைய சுண்ணாம்புப் பூச்சு முறையிலயே பழுது பார்த்து மியூசியமா திறந்தாங்க. சிமெண்ட் பூசி கிரானைட் ஒட்டுற நம்ம கோயில் திருப்பணிகளைப் பார்த்து நொந்தவங்க அவசியம் போய்ப் பார்க்கணும், பழைய சுவரை எப்படித் தொடணும்னு தெரியும்.

பரவூர் வரைக்கும் போயிட்டா பக்கத்துலயே நாலஞ்சு கிலோமீட்டர்ல சேந்தமங்கலம், அதை விட்டுட்டு வராதீங்க. அது கொச்சி ராஜாவோட மந்திரிகளா இருந்த பாலியத்தச்சன்மார் ஊர், கைத்தறிக்கும் பேர்போனது. கோட்டையில் கோவிலகம்கிற குன்றைச் சுத்தி கோயில், மசூதி, சிரியன் சர்ச், யூதப் பள்ளி நாலும் கூப்பிடுற தூரத்துல. பள்ளி சின்னது, பரவூர் மாதிரி பெரிய வளாகம் இல்ல, ஆனா அதே மேல் மேடை, அதே பெண்கள் மாடி. 2006ல பழுதுபார்த்து கண்காட்சியோட திறந்தாங்க. மாளாவுல இருந்தவங்க 1955ல கிளம்பும்போது பள்ளியையும் இடுகாட்டையும் பஞ்சாயத்துக்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. எர்ணாகுளம் மார்க்கெட்ல இருக்கிற கடவும்பாகம் பள்ளியோட முன்பகுதியில ரொம்ப வருஷமா செடியும் அலங்கார மீனும் விக்கிற கடை நடந்துச்சு, பின்னாடி போனா கூடம் இருக்கும். நேரம் இருந்தா இதெல்லாம் பார்க்கலாம்.

திங்கட்கிழமை போகாதீங்க, மியூசியங்கள் மூடியிருக்கும். பரவூரைக் காலையில முடிச்சுட்டு மத்தியானம் சேந்தமங்கலம் போங்க. அங்க பள்ளி வாசல் முன்னாடி சாதாரணமா ஒரு கல் நிக்கும், கவனிக்காமத் தாண்டிப் போயிடாதீங்க. சாரா பத் இஸ்ரயேல், அதாவது இஸ்ரயேல் மகள் சாராங்கிற பெண்ணோட கல்லறைக் கல் அது, தேதி 1269. கொடுங்கல்லூர்ல இருந்து கிளம்பினவங்க கூடவே எடுத்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. இந்தியாவுல கிடைச்ச ஹீப்ரு எழுத்துகள்லயே ரொம்பப் பழசு அதுதான், சாய்வெயில் விழுற நேரத்துல போனா எழுத்து நல்லாத் தெரியும்.